கம்ப்யூட்டர் சாமியும் கன்னிமூலைப் பேயும்

“உன் நட்சத்திரம் என்னம்மா?”

இந்தக் கேள்வியை முத்தாயியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாணத் தரகர் யாரும் அவள் வீட்டுப் படி ஏறாததால் கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. இப்போது கேட்டவர் சாதாரண ஆளில்லை. காவி ஜிப்பா, கழுத்து நிறைய உருத்திராட்சம், கையெல்லாம் குங்குமம். கம்ப்யூட்டர் சாமி! கேட்ட இடம் சிரம்பான் லோபாக்கில் ஆதப்பன் செட்டியாரின் மொத்த வியாபாரக் கடை. பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெருங்கூட்டம்.

பதில் சொல்ல முத்தாயிக்கும் ஆசைதான். தெரிந்தால்தானே சொல்வதற்கு? ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அந்த நாளைப் பற்றி அவள் அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது, அன்றைக்குப் பால்மரம் வெட்டு இல்லை.

“தெரியாது சாமி. மழை பேஞ்ச நாளுன்னு அம்மா சொல்லும்.”

கூட்டம் சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. கண்ணை மூடினார், விரலை மடக்கினார், உதட்டை அசைத்தார்.

“மூலம்!” என்றார்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றது. மழையிலிருந்து மூலம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது ஞானத்தை அவமதிப்பது ஆகிவிடும் அல்லவா?

“செட்டியாரே, இந்தப் பொண்ணு கை பட்டா உங்க நெட்வொர்க் ஓடாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இதை அனுப்பிடுங்க.”

முத்தாயி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் சாமியின் புகழ் தொண்ணூற்று நான்காம் ஆண்டில் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் வாடையைவிட வேகமாகப் பரவியிருந்தது. முழுப்பெயர் முருகையா சுவாமிகள். முதலில் ஒரு தோட்டத்தில் பால் நிறுக்கும் மின்தராசுக்கு மந்திரித்தார். மறுநாளிலிருந்து அது சரியான எடையைக் காட்டியது. அங்கே எடை எழுதும் கிராணிக்கு மாற்றலானதும் அதே வாரம்தான், ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்து கோலா கிளாவாங்கில் ஒரு மரக்கடையில் ஃபேக்ஸ் மெஷினைப் பிடித்த பேயை ஓட்டினார். ப்ளக்கைப் பிடுங்கினார், ஒரு மந்திரம் சொன்னார், மறுபடி சொருகினார். மெஷின் உயிர் பெற்றது. மந்திரம் சொல்லாமல் சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோதிக்க அங்கே ஆளில்லை. எல்லாரும் காலில் விழுந்து கிடந்தார்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமையானால் பாரோயில் சாமி வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் தோட்டத்து லாரிகளும் முதலாளிமார் கார்களும் நெருக்கியடித்து நின்றன. ஒருவர் கால்குலேட்டரோடு வந்தார். ஒருவர் டி.வி. ரிமோட்டோடு வந்தார். முத்தாயியின் பெரியம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“அது கம்ப்யூட்டர் இல்லியே பெரியம்மா” என்று முத்தாயி சொல்லிப் பார்த்தாள்.

“பட்டன் இருக்குல்ல? சும்மா இரு லா.”

சாமியோடு எப்போதும் டையும் தோல் பையுமாக வீரமுத்து என்று ஒருவர் வருவார். கம்ப்யூட்டர் விற்பவர். சாமி பேயோட்டிய கடைக்கெல்லாம் பின்னாலேயே வீரமுத்து போய்ப் புது மெஷின் விற்றார். வீரமுத்து மெஷின் விற்ற கடைக்கெல்லாம் பின்னாலேயே பேய் போனது. பக்தர்கள் இதைத் தெய்வச் செயல் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி சரி. செயல்தான்.

ஆதப்பன் செட்டியார் தோட்டத்துக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் மொத்தமாக அனுப்புகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் வீரமுத்துவிடமே கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டார். உள்ளறையில் ஒரு பெரிய பெட்டி, அதற்குப் பெயர் சர்வர். கடையின் சரக்கு, விலை, யாருக்கு எத்தனை மூட்டை போயிற்று என்பதெல்லாம் அதன் வயிற்றில் இருந்தது. மேசைகளில் இருந்த சின்னப் பெட்டிகள் அதனிடம் கேட்டுத்தான் பதில் சொல்லும். எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வயர் பூச்சரத்து நார் மாதிரி கோத்துக்கொண்டு போனது. பிறகு ஒரு மேசை கூடினால் உதவும் என்று மிச்ச வயரைச் சுவரோரமாக இழுத்துக் கன்னிமூலையில் கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். அதன் நுனியில் விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி.

அந்த மேசைகளில் ஒன்று முத்தாயியுடையது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மாவோடு சேர்ந்து இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, பேர் கொடுத்து, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டியவள். தபால் வகுப்பில் டைப்பிங் படித்து இந்த நாற்காலிக்கு வந்தாள். அந்த லயத்து வரிசையில் காலில் செருப்போடு வேலைக்குப் போய், செருப்பில் மண் ஒட்டாமல் திரும்பிய முதல் பெண் அவள்தான். பேச மட்டும் வராது. கடைக்கு வருகிறவர்கள் அவளை ஊமை என்றே நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார்கள்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

தொல்லை தொடங்கியது ஆயுத பூசை முடிந்த மறுநாள். நம்மவர்கள் ஆயுத பூசையில் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. கத்தி, கத்தரி, தராசு, லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். செட்டியார் அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் அதைச் செய்ய நினைத்தார். சந்தனம் பூசியாயிற்று, பூச்சரம் சுற்றியாயிற்று. எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டுமே, கம்ப்யூட்டருக்குச் சக்கரம் எங்கே?

லாரி டிரைவர் மணியம் வழி சொன்னான். “முத்தாயி உக்கார்ற நாக்காலிக்குச் சக்கரம் இருக்கே மொதலாளி!”

நல்ல யோசனை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மேசைக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து, முத்தாயியை நாற்காலியில் உட்காரவைத்து, மணியம் பின்னாலிருந்து ஒரே தள்ளு. பழங்கள் நசுங்கின. சாறு தெறித்தது. “அரோகரா!” என்றது கடை.

மறுநாள் காலையில் எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன. கைவிடவா, மறுபடி முயலவா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் மினுக்கியது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது. சாயங்காலம் மறுபடி படுத்தது. இப்படியே நாள் தவறாமல். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் முத்தாயிக்கு ஒன்று தோன்றும். மெஷினாவது கேள்வி கேட்கிறது, இந்தக் கடையில் வேறு யாரும் கேட்கக் காணோமே!

பூசை போட்ட மறுநாளே இப்படி என்றால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று செட்டியார் முடிவு செய்தார். அவருடைய அக்கா நாச்சம்மை ஆச்சி அப்படி முடிவு செய்யவில்லை. கடையில் பாதிப் பங்கு அந்த அம்மாள் பெயரில்தான். தம்பியை மேசைக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆளும் அவர்தான். சிரம்பான் டவுனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கேட்டு விலைத்தாள் வாங்கி வந்திருந்தார்.

“கேளு ஆதப்பா. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி வயராம். நடுவுல ஒரு சின்னப் பெட்டி. ஒரு வயர் போனா ஒரு மேசைதான் நிக்கும், கடை நிக்காது. கரண்டு போனா தாங்கறதுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. தினம் சாயங்காலம் கணக்கை நகல் எடுத்துவெக்க ஒரு டேப்பு. சர்வரு இப்ப இருக்கிற அளவே நமக்குப் போதுமாம்.”

“எல்லாம் சரி ஆச்சி. பேய்க்கு என்ன வழி எழுதியிருக்கான்?”

“பேய்க்கு ஒண்ணும் எழுதல.”

“பாத்தீங்களா? அனுபவம் இல்லாத பய!”

வீரமுத்துவிடம் அனுபவம் இருந்தது. அவர் கொடுத்த தாளில் பேங்குக்குப் போடுகிற அளவில் ஒரு சர்வர் இருந்தது. விலை மூன்று பங்கு. ஆனால் அதன் உள்ளே சாமி தன் கையால் நவரத்தினம் பதித்துத் தருவார். ஈசானிய மூலையைப் பார்த்து வைக்க வேண்டும். வயர்? அதே கறுப்பு வயர்தான், மஞ்சள் தடவியது. கணக்கை நகல் எடுக்க டேப் வேண்டாமா என்று ஆச்சி கேட்டதற்கு, தெய்வம் காக்கிற சர்வருக்கு நகல் எதற்கு என்று வீரமுத்து பணிவோடு திருப்பிக் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சாமியே நேரில் வந்தார். அக்கம்பக்கத்து வியாபாரிகள் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்து கூடினார்கள். பூக்கடை நல்லசாமி மாலையோடு வந்தார். சாமி சாம்பிராணித் தட்டோடு கடையைச் சுற்றினார். ஒவ்வொரு மூலையிலும் முகர்ந்தார். கன்னிமூலைக்கு வந்ததும் உடம்பு ஆடியது. அங்கவஸ்திரத்தை விரித்துக் கூடைகளுக்குப் பின்னால் குனிந்தார்.

“இங்கதான் இருக்கு! வாடி வெளியே!”

அவ்வளவுதான். எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்தன. கூட்டத்தில் யாரோ வீறிட்டார்கள். சாமி உறுமினார், விபூதியை வீசினார், மறுபடி குனிந்தார். “போ!” என்று கத்தினார். திரைகள் உயிர் பெற்றன. செட்டியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த வேகத்தில் பருப்பு மூட்டை ஒன்று சரிந்து அவரோடு சேர்ந்து கும்பிட்டது.

முத்தாயியின் நட்சத்திரம் விசாரிக்கப்பட்டது அதற்கப்புறம்தான். தீர்ப்பு இது: பேய் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, போகவில்லை. மூல நட்சத்திரக்காரி போக வேண்டும், நவரத்தின சர்வர் வர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் பூசை, அன்றைக்கே கையெழுத்து. அதுவரை கன்னிமூலைப் பக்கம் யாரும் போகக்கூடாது.

“முத்தாயி, நீ நல்ல பொண்ணுதாம்மா” என்றார் செட்டியார் அன்று சாயங்காலம், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஆனா கடைன்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த வாரம் வரைக்கும் இரு. மெஷினை மட்டும் ரொம்பத் தொடாத.”

டைப் அடிக்கிற வேலையில் மெஷினைத் தொடாமல் இருப்பது எப்படி என்று அவர் விளக்கவில்லை.

மறுநாள் ஒரு தோட்டத்துக் கடைக்காரர் நெத்திலிக் கருவாடு கேட்டார். மணியம் லாரியோடு வெளியே போயிருந்தான். முத்தாயிதான் கன்னிமூலைக்குப் போய்க் கூடையை நகர்த்தினாள். போகக்கூடாதுதான். ஆனால் வேலை போகப்போகிறவளைப் பேய் என்ன செய்துவிடும்? சம்பளத்தைப் பிடிக்குமா?

கூடைக்குப் பின்னால் பேய் இல்லை. சுவரோரமாக அந்தக் கறுப்பு வயரின் நுனி கிடந்தது. நுனியில் இருந்த உலோக மூடியைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. குனிந்து பார்த்தாள். குங்குமம். ஒரு கட்டைவிரல், ஓர் ஆள்காட்டி விரல். திருகின மாதிரி இழுபட்ட தடம்.

பேயோட்டுகிறவர் வயர் மூடியை எதற்குத் திருக வேண்டும்? மூலையில் பேய் இருந்தால் அது பொட்டு வைத்துக்கொண்டா இருக்கும்?

யாரிடமாவது சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்குப் பேயைவிடப் பெரிய பயம். காலையில் சொல்லலாம் என்று நினைத்து மத்தியானம் ஆனது. மத்தியானம் நினைத்துச் சாயங்காலம் ஆனது. கடைசியில் செட்டியார் கோயிலுக்குப் புறப்பட்ட பிறகு நாச்சம்மை ஆச்சியின் மேசைக்குமுன் போய் நின்றாள்.

“என்னடி, வாயில கொழுக்கட்டையா?”

“ஆச்சி... கன்னிமூலையில பேய் இல்ல. குங்குமம் இருக்கு.”

ஆச்சி எழுந்து வந்தார். பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து மூடியைத் திருகிக் கழற்றினார்.

“இப்பப் பாரு, ஸ்க்ரீன் என்ன சொல்லுது?”

“நின்னுடுச்சு ஆச்சி! எல்லாம் நின்னுடுச்சு!”

மூடியை மாட்டினார். “இப்ப?”

“ஓடுது!”

ஆச்சி மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். உறுமியும் பார்த்தார், உறுமாமலும் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே பலன்தான். அப்போதுதான் உள்ளே வந்த மணியம், கடை முதலாளியம்மாள் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து உறுமுவதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“பயப்படாதடா. நானும் சித்தராயிட்டேன்” என்றார் ஆச்சி.

மணியம் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். “சாமி வர்றதுக்கு முன்னாலயே மெஷின் படுத்துக்கிட்டு இருந்துச்சே ஆச்சி? அதை யாரு திருகுனா?”

நியாயமான கேள்வி. மூவரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மேசை மேசையாகக் குனிந்து பார்த்தார்கள். முத்தாயியின் மேசைக்கடியில் விடை கிடைத்தது. வயர் மெஷினோடு சேர்கிற இடத்தில், நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிப்போன வயர். அதன்மேல் கருத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத் தோல். சாறு இறங்கிய இணைப்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

திருஷ்டி கழிக்க வைத்த பழம்தான் திருஷ்டி.

“தள்ளுனது நீதானடா?” என்றார் ஆச்சி.

“யோசனைதான் என்னுது ஆச்சி. அரோகரா போட்டது எல்லாரும்.”

மணியம் டவுனுக்குப் போய் அந்தச் சின்னக் கடைக்காரனிடம் புதுத் துண்டு வயரும் இன்னொரு மூடியும் வாங்கி வந்தான். நசுங்கின வயரை மாற்றினார்கள். அன்றிலிருந்து திரைகள் ஒருமுறைகூடப் படுக்கவில்லை.

முத்தாயிக்கு உயிர் வந்தது. ஆனால் செட்டியார் என்ன சொன்னார் தெரியுமா?

“சாமி காலடி பட்டதும் பாத்தீங்களா ஆச்சி! என்ன மகிமை! ரெண்டாம் பூசையும் முடிஞ்சிடுச்சுன்னா ஒரேடியா விட்ரும்.”

நோய் இருந்தாலும் சாமிக்குப் பெருமை, தீர்ந்தாலும் சாமிக்குப் பெருமை. இப்படி ஒரு வியாபாரம் லோபாக்கில் வேறு எந்தக் கடையிலும் நடக்கவில்லை.

“உண்மையைச் சொல்லிடலாமே ஆச்சி?” என்று முத்தாயி கேட்டாள்.

“சொன்னா, மூலக்காரி பேச்சைக் கேட்டு எனக்கும் பேய் பிடிச்சிடுச்சும்பான். இவன் காதால கேட்டுத் திருந்துற ஆளில்ல. வெள்ளிக்கிழமை நீ ஒண்ணும் பேச வேண்டாம். உன் நாக்காலியில உக்காந்து உன் வேலையைப் பாரு. தைரியம் இருக்கா?”

முத்தாயி யோசித்தாள். பெரட்டு மணியும் இருட்டும் ஈரப் புல்லும் கொசுவும் நினைவுக்கு வந்தன. தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை முதல் பூசையைவிடக் கூட்டம் அதிகம். கோலா கிளாவாங்கிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். முத்தாயியின் பெரியம்மா ரைஸ் குக்கரோடு முன்வரிசையில் நின்றாள். வீரமுத்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சாமி, ஒரு சின்ன ஆசை” என்றார் நாச்சம்மை ஆச்சி, கையைக் கட்டிக்கொண்டு. “போன தடவை நான் சரியாப் பாக்கல. அந்தப் பேயை இன்னொரு தடவை வரவெச்சு ஓட்டிக் காட்டணும். அப்புறம் உடனே கையெழுத்து.”

சாமிக்குப் பரம சந்தோஷம். “தாராளமா! ஆனா அந்தப் பொண்ணு ஏன் அங்க உக்காந்திருக்கு?”

“அவ கை பட்டாத்தான பேய் வரும்? சீக்கிரம் வரட்டுமேன்னுதான்.”

கூட்டம் ஆமோதித்தது. முத்தாயி தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்குப் போகவேண்டிய சரக்குச் சீட்டை அடிக்கத் தொடங்கினாள்.

சாமி சாம்பிராணித் தட்டோடு சுற்றி வந்தார். மூலைமூலையாக முகர்ந்தார். கன்னிமூலையில் உடம்பு ஆடியது, போன வாரத்தைவிடக் கூடுதலாகவே. அங்கவஸ்திரம் விரிந்தது. குனிந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு கத்தினார்.

“வந்துட்டா! வந்துட்டா! மூலக்காரி கை பட்டதும் வந்துட்டா! பாருங்க, எல்லா ஸ்க்ரீனும் செத்துப்போச்சு!”

“அரோகரா!” என்று பாதிக் கூட்டம் திரையைப் பார்க்காமலே தரையில் விழுந்தது.

அந்த நேரத்தில் பிரிண்டர் ‘கிர்ர்ர்’ என்று அடிக்க ஆரம்பித்தது.

முத்தாயி முடித்த சரக்குச் சீட்டு வரி வரியாக வெளியே வந்தது. விழுந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். திரைகளில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முத்தாயி அடுத்த சீட்டை எடுத்து வைத்து அடித்துக்கொண்டிருந்தாள்.

“சாமி” என்றான் மணியம், “பேய் வந்துச்சுங்கிறீங்க, மெஷின் கேக்கல லா.”

சாமி கண்ணைத் திறந்தார். மூடியை மாட்டினார், கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். திரைகள் அவரைச் சட்டை செய்யவில்லை.

“கையில என்ன சாமி?” என்று ஆச்சி கேட்டார்.

“ஒண்ணுமில்ல. விபூதி.”

“விபூதி பளபளங்குதே. சுருட்டி வெச்ச கையை விரிங்க.”

விரிக்கவில்லை. மணியம் குனிந்து, சாமி பிடித்திருந்த அந்தக் கறுப்பு வயரைப் பற்றி இழுத்தான். வயர் சுவரோரமாக ஊர்ந்து வந்தது. அதன் மறுமுனை எந்த மெஷினிலும் இல்லை. நெத்திலிக் கருவாட்டுக் கூடையின் காதில் முடிச்சுப் போட்டிருந்தது. கூடை உருண்டு வந்து சாமியின் காலடியில் கவிழ்ந்தது.

“இவ்வளவு நேரம் கருவாட்டுக்கா சாமி மந்திரம் போட்டீங்க?”

கடை அதிரச் சிரிப்பு. பூக்கடை நல்லசாமி அன்று சாமிக்குத் தான் போட்ட மாலையைத் தானே எட்டிக் கழற்றிக்கொண்டார். பூ வாடியிருக்கவில்லை, இன்னொருவருக்கு விற்கலாம்.

ஆச்சி எல்லாருக்கும் காட்டினார். மிச்ச வயரை முன்னாலேயே கழற்றிவிட்டதில் உண்மையான வயர் கடைசி மெஷினோடு முடிந்திருந்தது, அங்கே அந்தப் புது மூடி. “ஆதப்பா, இங்க வா. இதைத் திருகு.”

செட்டியார் திருகினார். திரைகள் நின்றன. மாட்டினார். ஓடின.

“எனக்கும் மந்திரம் வருதே!” என்றார் செட்டியார், தன்னை மறந்து.

“ஒனக்கு வர வேண்டியது மந்திரம் இல்ல, வெட்கம்” என்றார் ஆச்சி. பிறகு காய்ந்த எலுமிச்சம்பழத் தோலையும் நசுங்கின வயரையும் தட்டில் வைத்து, கற்பூர ஆரத்தி மாதிரி எல்லார் முன்னாலும் கொண்டுபோய்க் காட்டினார். “இதுதான் உங்க செய்வினை. வெச்சது நாம. தள்ளுனது இந்த மணியம். கையெடுத்துக் கும்பிட்டுக்குங்க.”

“நான் அப்பவே சந்தேகப்பட்டேன்” என்று பக்கத்துக் கடை வள்ளியப்பன் சொன்னார். அவர் சட்டை முன்பக்கம் முழுக்கத் தரைத் தூசி. அவரைப் போலவே அப்பவே சந்தேகப்பட்டவர்கள் அன்றைக்குக் கடையில் நிறையப் பேர் இருந்தார்கள்.

“சாமியைக் கும்பிடுறவங்க கும்பிடுங்க, நான் வேண்டாங்கல” என்றார் ஆச்சி. “ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தன் வேலை செஞ்சா, முன்னாடி போய் நின்னு பாருங்க. அதுக்குக்கூட ஒரு சாமியார் வரணுமா?”

பெரியம்மா ரைஸ் குக்கரைத் தலைகீழாகத் திருப்பி அதன் வயரை முதல் தடவையாகப் பார்த்தாள். “அட, இங்க அறுந்துல்ல கிடக்கு!”

செட்டியார் முத்தாயியின் மேசைக்கு வந்தார். இந்த முறை முகத்தைப் பார்த்தார்.

“முத்தாயி... நாளையிலேருந்து நீ வழக்கம்போல வந்துடும்மா.”

“நாளைக்கு எதுக்கு மொதலாளி?” என்றாள் முத்தாயி. கூட்டத்துக்கு நடுவில் அவள் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. “இன்னைக்கு லாரிக்கே இன்னும் சீட்டு முடியல.”

செட்டியார் அக்கா பக்கம் திரும்பினார். “ஆச்சி, அந்த டவுன் பையனை வரச் சொல்லுங்க. தனித்தனி வயரே போட்டுடுவோம். பேட்டரி, டேப்பு எல்லாம் போடச் சொல்லுங்க. ஒரு நல்ல நேரமாப் பாத்து...”

ஆச்சி ஒரு பார்வை பார்த்தார்.

“கடை தொறந்திருக்கிற நேரமாப் பாத்து” என்று செட்டியார் முடித்தார்.

அப்போதுதான் சாமி சுற்றிலும் தேடினார். வீரமுத்துவின் டையும் தோல் பையும் எங்குமில்லை. வெளியே கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சாமி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சாமியைப் பார்த்தது. ஒரு சாபமாவது வரும் என்று பெரியம்மா ரைஸ் குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டாள். மணியம் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான்.

சாமி உள்ளங்கையிலிருந்த மூடியை முத்தாயியின் மேசைமேல் வைத்தார். அங்கவஸ்திரத்தில் ஒட்டியிருந்த நெத்திலியைத் தட்டிவிட்டார். மத்தியான வெயிலில், பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.